றொட் அவனிடம், ரீல் என்னிடம்

பதினொரு அடி போதுமென்றேன்.
பன்னிரண்டரை என்றான் ஹஸ்மீர்.
கல்முனைக் கடையின் கூரை
எங்கள் வழக்கைத் தீர்த்தது:
நிமிர்த்திய நுனி மின்விசிறியில் பட்டு,
கடைக்காரர் பாய்ந்து வந்து
பதினொன்றைக் கையில் திணித்தார்.
நுனியைத் தரையில் ஊன்றி அமுக்கிப் பார்த்தான்.
“வளையுது கா, ஆனா கெஞ்சுதில்ல.”
அந்தக் கம்புக்கு
அவன் கொடுத்த நற்சான்றிதழ் அவ்வளவுதான்.

ரீல் என் இலாகா.
கைபேசி திருத்துகிறவன் நான்,
எறும்புத் தலை ஆணிகளோடு பகலைக் கழிப்பவன்.
ஆறாயிரமா எட்டாயிரமா என்று
இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி,
கண்ணை மூடிக் கைப்பிடியைச் சுற்றினேன்.
எட்டாயிரம் கம்பீரம்தான்,
ஆனால் நூறு தடவை வீசவேண்டியது என் தோள்.
“இதுக்குள்ள உப்பு நுழைய வழியில்ல” என்றார் கடைக்காரர்.
உப்பு வழி கேட்பதில்லை என்றேன்.
ஆறாயிரத்தை எடுத்தேன்.

பாதிப் பாதி என்றால் சில்லறைக் கணக்கு வரும்.
ஆகவே றொட் அவன் காசு,
ரீல் என் காசு.
நூல் விஷயத்தில் மட்டும் நான் வாய் திறக்கவில்லை.
மருதமுனையில் சாயத்தொட்டியில் நூல் முக்குகிறவன்,
“நூலப் பத்தி எனக்கா சொல்றாய்?” என்பான்.
முப்பது இறாத்தல் பின்னல் நூல்,
முன்னுக்கு இரண்டு பாகம் தங்கூசி,
இரண்டும் சேருமிடத்தில்
ஒரு முடிச்சு.

பாண்டிருப்புக் கரையில்
கச்சான் முதுகைத் தள்ளும் மாதங்களில்
நாற்பது கிராம் ஈயமீன்
இரண்டாம் திரையைத் தாண்டி விழும்.
வாடை திரும்பினால்
எண்பது கிராமும் காலடியில் வந்து வெட்கப்படும்.
சீலாவுக்கு மினுங்கும் கரண்டி.
தண்ணீர் கறுப்பாய் இருக்கும் விடிகாலையில்
துப்பித் துப்பி ஓடும் பொப்பர்.
எல்லாவற்றுக்கும் மேலே
மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு
ஒரு நீலமுதுகு மீன்பொம்மை,
வீட்டில் விலை சொல்லாதது.

அந்தச் சனிக்கிழமை
நீலமுதுகை ஒரு பாரை எடுத்தது.
பாரை என்றுதான் நினைக்கிறோம்,
கண்டவர் இல்லை.
ரீல் கத்தியது.
கம்பு கெஞ்சவில்லை.
பிறகு எல்லாம் இலேசானது,
எவ்வளவு இலேசென்றால்
நான் மணலில் மல்லாந்து கிடந்தேன்.

சுற்றியெடுத்த நுனி சுருண்டிருந்தது.
அறுந்த நூல் பஞ்சாகும்,
அவிழ்ந்ததுதான் சுருளும்.
நீ போட்ட முடிச்சு என்றேன்.
நீ திருகிவைத்த இறுக்கம் என்றான்.
வலையை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்
கொஞ்சநேரம் இழுப்பதை நிறுத்தி
எங்களைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு
அவனிடம் பதினொரு அடிக் கம்பு,
என்னிடம் ஒரு சக்கரம்.
அவன் வீட்டில் அது
உடுப்புக் கொடிக்கு முட்டுக்கொடுப்பதாகக் கேள்வி.
நான் கடை மூடியபின்
மேசையில் வைத்துச் சுற்றுவேன்.
மண்ணெண்ணெய்யால் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு,
மறுபடி சுற்றுவேன்.
ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது,
அதுதான் தொந்தரவு.

நேற்று விடிய நாலு மணிக்கு ஓட்டோச் சத்தம்.
இரண்டு துண்டாய்க் கழற்றத் தெரிந்தவன்
கழற்றாமல்,
வண்டியின் இரு பக்கமும் கம்பு நீட்டிக்கொண்டிருக்க
உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தான்.
ரீலை எடுத்துவா என்று கேட்கவில்லை.
“சீலா கரைக்கு வந்திருக்காம்” என்றான்,
யாரோ கேட்டதற்குப் பதில்போல.

கரையில்
டோர்ச்சை நான் கழுத்தில் இடுக்கினேன்.
பின்னல் நூலை அவன் பல்லில் கடித்து
விறைப்பாய்ப் பிடித்தான்.
தங்கூசியைக் குறுக்கும் மறுக்குமாய்
நான் இருபது சுற்றுப் போட்டேன்.
பல்லில் நூல் இருக்கையில்
மன்னிப்புக் கேட்க முடியாது,
பழி சொல்லவும் முடியாது.
ம்ம், ம்ஹூம்,
அவ்வளவுதான் பேச்சு.
முடிச்சை இறுக்க எச்சில் வேண்டும்.
யாருடையதென்று பார்க்கவில்லை.

பெட்டியில் மிஞ்சியிருந்தது
வெள்ளி உரிந்த ஒரு கரண்டி,
இருவருக்கும் பிடிக்காதது.
அதையே கொளுவினோம்.

முதல் வீச்சு யாருக்கு என்ற வழக்கு
இன்னும் முடியவில்லை.
கடலில் வெளிச்சம் வந்துவிட்டது.